மீன் தொட்டி சூடாகிறதா? காற்றாடியா, ஐஸா, ஏர்கோனா, சில்லரா

"அக்கா, தொட்டியில கைய விட்டா தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. கடையில சில்லர் வாங்கச் சொல்றாங்க, ஆயிரம் வெள்ளிக்கு மேல ஆகும்போல. கூட்டாளி ஒருத்தன் சின்ன காத்தாடியே போதும்ங்கிறான். எதைத்தான் வாங்குறது?"

செராஸில் இருக்கும் ஒரு தம்பி போன மாதம் கேட்டது இது. சில்லர் என்பது தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் மின்கருவி. பட்டர்வொர்த்தில் தங்கமீன் வளர்க்கும் ஓர் அம்மாவும், பிரிக்பீல்ட்ஸில் கப்பி வைத்திருக்கும் ஒரு பள்ளி மாணவியும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் வேறு என்பதை விளக்கிச் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

நான் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில், ஒரு பிளாட்டின் 11-ஆம் மாடியில். ஹால் மேற்கு பார்த்தது. தொட்டி இரண்டடி நீளம். மண்ணும் கல்லும் போக 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கீழே உள்ள கணக்குகளை எல்லாம் அந்த 55 லிட்டரை வைத்தே போட்டிருக்கிறேன். உங்கள் தொட்டி பெரியதென்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை. மதியம் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அறைக் காற்று பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு உச்சத்தைத் தொடும். தண்ணீர் மெல்லத்தான் சூடேறும், அதனால் அதன் உச்சம் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வரும். கண்ணாடியில் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம்; அது பாதிக்குப் பாதி அறையின் சூட்டைச் சொல்லும். தண்ணீருக்குள் வயர் விடும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் போதும். என் தொட்டி ஏப்ரலில் ஒரு வாரம் காட்டியது காலையில் 28.2, மாலையில் 31.3.

அடுத்தது, உங்கள் மீனுக்கு என்ன வேண்டும் என்பது. தங்கமீனுக்கு 24-க்குள் இருந்தால் நிம்மதி. நியான் டெட்ராவுக்கு 26-க்கு மேல் போனால் கஷ்டம். கப்பியும் சண்டை மீனும் 28 வரை நன்றாக இருக்கும், சில நாள் 30-ஐயும் பொறுத்துக்கொள்ளும். கிரிஸ்டல் ரெட் இறால் 20 முதல் 24 வரை கேட்கும். டிஸ்கஸ் 28 முதல் 30 வரை கேட்கும் மீன், அதற்கு நம் ஊர்த் தண்ணீரே சரி. மாலை எண்ணுக்கும் மீன் கேட்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் குறைக்க வேண்டிய டிகிரி. இரண்டு டிகிரிக்கு ஒரு வழி, ஏழு டிகிரிக்கு வேறு வழி.

மூன்றாவது, குறையும் வேகம். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் தண்ணீர் மாறினால் மீனுக்கு அதுவே நோய். நான்காவது, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் பத்து மணி நேரமும் அந்த வழி தானாக நடக்குமா என்பது. கடைசியாகச் செலவு. கடையில் கொடுக்கும் பணம் கண்ணுக்குத் தெரியும். கரண்ட், தண்ணீர் ஊற்றும் வேலை, அறைக்குள் சேரும் சூடு ஆகியவை பிறகுதான் தெரியும். கரண்டுக்கு ஒரு யூனிட் 45 சென் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் பில்லில் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் நாளே ஏர் பம்ப் ஒன்றைப் போட்டுவிடுங்கள். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிவிடும். சூட்டில் மீனின் உடம்பு வேகமாக வேலை செய்வதால் அதற்குத் தேவைப்படும் ஆக்ஸிஜனோ கூடுகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் சூட்டோடு ஏறும்: பி.ஹெச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8 உள்ள தண்ணீரில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு 25 டிகிரியில் 5.4 விழுக்காடு, 30 டிகிரியில் 7.5 விழுக்காடு. மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் அது பசி என்று நினைத்து இரை போட்டுவிடாதீர்கள். மூச்சுக்குத் தவிக்கின்றன. இரையைப் பாதியாக்கி, காற்றைக் கூட்டுங்கள்.

## இடம், மூடி, விளக்கு: காசில்லாமல் குறையும் சூடு

இதைத் தாண்டிப் போய் நேராகச் சில்லர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. மேற்கு ஜன்னல் வெயில் நான்கு மணிக்கு என் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கையை வைத்தால் அந்தக் கண்ணாடி மட்டும் தனியாகச் சுட்டது. தொட்டியை உள் சுவரோரம் நகர்த்தி, தடித்த திரை போட்டதில் மாலை உச்சம் 31.3-லிருந்து 30.4 ஆனது.

மூடியோடு சேர்ந்த விளக்கு இருந்தால் அதைக் கழற்றி உயரத் தூக்கிக் கட்டுங்கள். பழைய குழல் விளக்கு என்றால் எல்.இ.டி.க்கு மாறுங்கள். விளக்கு எரியும் நேரத்தை மாலை ஏழு முதல் இரவு பன்னிரண்டு வரை தள்ளிவைத்தால் பகல் சூடும் விளக்குச் சூடும் ஒன்றாகச் சேராது. செடிகளுக்கு எந்த நேரம் என்பது கணக்கில்லை, எத்தனை மணி நேரம் என்பதுதான் கணக்கு. தண்ணீருக்குள் ஓடும் பம்பையும் மறக்க வேண்டாம். 20 வாட் பம்ப் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத் தண்ணீருக்குள்ளேயே இறங்கும். சின்னத் தொட்டிக்குப் பெரிய பம்ப் போட்டவர்கள் அதை மாற்றினாலே அரை டிகிரிக்கு மேல் குறையக்கூடும்.

## காற்றாடி

கிளிப் போட்டு விளிம்பில் மாட்டும் சின்னக் காற்றாடி, தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக ஊத வேண்டும். குளிர்விப்பது காற்று அன்று, ஆவியாகும் தண்ணீர். ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. என் 55 லிட்டரில் அது பத்து டிகிரிக்குச் சமம். அறைச் சூடு ஓயாமல் திரும்ப உள்ளே வந்துகொண்டிருப்பதால்தான் அவ்வளவும் குறைவதில்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் காற்றாடி போட்டதும் ஐந்து ஆறு டிகிரி இறங்குவதாகக் காட்டுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் ஊர்க் காற்று உலர்ந்தது. காற்றில் ஏற்கெனவே உள்ள ஈரத்தைப் பொறுத்து ஆவியாதலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் அந்த எல்லை 21 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ 32 டிகிரியில் 65 விழுக்காடு என்றால் எல்லை 26.6. மழை பெய்து ஓய்ந்த மாலையில் 30 டிகிரியும் 80 விழுக்காடும் இருந்தால் 27. எத்தனை காற்றாடி மாட்டினாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் போகாது, நடைமுறையில் அந்தக் கோட்டைத் தொடுவதும் இல்லை. நம் வீடுகளில் காற்றாடிக்கு இரண்டு டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று கிடைத்தால் நல்ல காலம். என் தொட்டியில் 30.4 என்பது 28.3 ஆனது.

5 வாட் காற்றாடி நாள் முழுக்க ஓடினால் மாதம் மூன்றரை யூனிட், ஒன்றரை வெள்ளியைக் கொஞ்சம் தாண்டும். மறைந்திருக்கும் செலவு தண்ணீர். என் தொட்டியில் தினமும் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் குறைகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் தாதுக்களும் தொட்டியிலேயே தங்கிவிடும். நன்னீர்த் தொட்டியில் வாரா வாரம் தண்ணீர் மாற்றினால் அது பெரிய பிரச்சினை இல்லை. கடல்நீர்த் தொட்டியில் உப்பின் அளவு ஏறிவிடும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீரால் (தாதுக்களை வடிகட்டி நீக்கிய தண்ணீர்) தினமும் ஈடுகட்டியே ஆக வேண்டும். ஈடுகட்ட வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்துவைப்பவர்கள் அதை இறுக மூடி வையுங்கள். திறந்த வாளி ஏடிஸ் கொசுவுக்கு வீடு. டிங்கி பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

மூடியைத் திறந்துவைப்பதால் மீன் துள்ளி வெளியே விழும் ஆபத்தும் உண்டு. கொசுவலைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மேலே வைத்தால் காற்றும் போகும், மீனும் தங்கும். பகலில் வீட்டில் யாரும் இல்லாதவர்கள் வைத்த எண்ணுக்குத் தண்ணீர் இறங்கியதும் காற்றாடியைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் சுவிட்ச் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மழைக்கால இரவில் தண்ணீர் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும்.

## ஐஸ் போத்தல்

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன், கொதிக்கும் ஓர் ஏப்ரல் மாதம், வேலை முடிந்து வந்து பார்த்தேன். தண்ணீர் 32. பன்னிரண்டு நியான் டெட்ராவும் ஃபில்டர் தண்ணீர் விழும் மூலையில் கூடி நின்றன. பதறிப்போய் ஒன்றரை லிட்டர் ஐஸ் போத்தலை அப்படியே மிதக்கவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று டிகிரி இறங்கியது, எனக்கோ நிம்மதி. நான்காம் நாள் காலையில் வால்களில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஏழு மீன்கள் போய்விட்டன. சூட்டைத் தாங்கிக்கொண்டிருந்த உடம்பு, திடீர்க் குளிரில் நோய்க்கு இடம் கொடுத்துவிட்டது.

கணக்கை அன்றைக்கே போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் ஒரு கிலோ, உருகித் தொட்டிச் சூட்டுக்கு வருவதற்குள் சுமார் 490 கிலோஜூல் இழுக்கும். அரைக் கிலோ ஐஸ் 55 லிட்டரை ஒரு டிகிரி இறக்கும், ஒன்றரைக் கிலோ மூன்று டிகிரியைத் தாண்டி இறக்கும். அதனால் 50 லிட்டருக்கு ஒரு நேரத்தில் அரை லிட்டர் போத்தல் ஒன்று போதும். அது முழுக்க உருகி ஒரு மணி நேரம் போனபிறகே அடுத்தது. போத்தலை முக்கால் அளவு நிரப்பி உறையவிடுங்கள், இல்லையென்றால் வெடிக்கும். ஐஸ் கட்டியை நேராகத் தொட்டியில் போடாதீர்கள், குழாய்த் தண்ணீரின் குளோரின் அதிலும் இருக்கும்.

தினசரி வழியாக ஐஸ் உதவாது. நீங்கள் வீட்டில் இருக்கும்போது தண்ணீர் இறங்கும், போனதும் ஏறும். மீன் தினமும் ஏற்ற இறக்கத்தில் வாழ வேண்டியிருக்கும். கரண்ட் போன பிற்பகலுக்கும், காற்றாடி கெட்டுப்போன நாளுக்கும் இரண்டு போத்தல் ஃபிரீசரில் கிடக்கட்டும்.

## ஏர்கோன்

தொட்டி இருக்கும் அறையில் ஏற்கெனவே ஏர்கோன் ஓடுகிறதென்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஏர்கோன் அறையின் காற்று ஈரம் குறைந்தது என்பதால் அங்கே காற்றாடியும் நன்றாக வேலை செய்யும். 24 டிகிரி அறையில் காற்றாடியோடு தண்ணீர் 23 வரைகூடப் போகும்.

மீனுக்காகவே ஏர்கோன் போடுவது வேறு கணக்கு. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஓடும்போது சுமார் 800 வாட் இழுக்கும். பத்து மணி நேரத்தில் ஆறு மணி நேரம் கம்ப்ரசர் ஓடினால் மாதம் 144 யூனிட், ஏறக்குறைய 65 வெள்ளி. அதுவும் இரவு மட்டும்தான். பகலில் அடைத்துவிட்டுப் போனால் இரவு 26-ல் இருந்த தண்ணீர் மறுநாள் மாலை 30-க்கு வந்து நிற்கும், தினமும் இதே ஊஞ்சல். 200 லிட்டர்த் தொட்டி இந்த ஊஞ்சலை ஓரளவு தாங்கும். 30 லிட்டர்த் தொட்டி தாங்காது. வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்து பகலும் இரவும் ஏர்கோன் ஓடும் அறையானால், தொட்டியை அங்கே கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம்.

## சில்லர்

ஃபிரிட்ஜில் இருப்பதுபோன்ற கம்ப்ரசர். தண்ணீரை உள்ளே இழுத்து, குளிர்வித்து, திருப்பி அனுப்பும். நாம் வைத்த எண்ணில் பிடித்து நிறுத்துவது இது ஒன்றுதான். பகலும் இரவும் ஏர்கோன் ஓடும் அறை இல்லாமல் ஐந்து ஏழு டிகிரி குறைக்க வேண்டியவர்களுக்கு வேறு வழியே கிடையாது.

கடைக்காரர் சொல்ல மறப்பதை நான் சொல்கிறேன். தொட்டியிலிருந்து எடுத்த சூடும், தான் இழுத்த கரண்டின் சூடும் சேர்ந்து சில்லரின் பின்பக்கம் வழியாக உங்கள் ஹாலுக்குள்தான் வரும். சின்ன ஹாலில் ஜன்னலை அடைத்துவைத்தால் அறை சூடேறி, தொட்டியும் சூடேறி, சில்லர் இன்னும் அதிக நேரம் ஓடும். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் அது விடும் வெப்பக் காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடிக் கெட்டுப்போகும். சுற்றிலும் இடம் விட்டு, ஜன்னலை ஒட்டி வையுங்கள். பின்பக்க வலையில் சேரும் தூசியை மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் ஓட்டம் சில்லர் கேட்கும் அளவுக்கு இருக்க வேண்டும், அதற்குத் தனிப் பம்போ தொட்டிக்கு வெளியே வைக்கும் பெரிய கேனிஸ்டர் ஃபில்டரோ தேவைப்படும். அதை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தம் சின்ன ஃபிரிட்ஜ் அளவு. தொட்டி படுக்கையறையில் என்றால் யோசியுங்கள்.

1/10 குதிரைத்திறன் சில்லர் 200 வாட் இழுத்து நாளுக்கு மொத்தம் எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 48 யூனிட், 22 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. எண்ணை 22-க்கு வைத்தால் இது எங்கேயோ போய்விடும். கேட்பது 25 என்றால் 25-லேயே வையுங்கள்.

பெல்டியர் என்ற பெயரில் விற்கும் சின்னக் குளிர்விப்பான்களும் உண்டு. கம்ப்ரசர் இல்லை, விலை குறைவு. இழுக்கும் கரண்டோடு ஒப்பிட்டால் அவை வெளியேற்றும் வெப்பம் மிகக் குறைவு. 20 லிட்டர் இறால் தொட்டிக்கு ஓரளவு உதவும், இரண்டடித் தொட்டிக்கு வாங்கினால் ஏமாற்றம்தான்.

| வழி | குறையும் டிகிரி | முதல் செலவு | மாதக் கரண்ட் | பிறகு தெரியும் செலவு |
|---|---|---|---|---|
| இடம், மூடி, விளக்கு | ½ – 1 | கிட்டத்தட்ட இல்லை | இல்லை | ஒரு நாள் வேலை |
| காற்றாடி | 2 – 3 | சில பத்து வெள்ளி | 2 வெள்ளிக்குள் | தினம் தண்ணீர், வலை |
| ஐஸ் போத்தல் | அரை லிட்டருக்கு 1 | இல்லை | சொற்பம் | ஆள் வேண்டும், ஏற்ற இறக்கம் |
| ஏர்கோன் (இரவு) | 3 – 4, பகலில் திரும்ப ஏறும் | இருப்பதே | சுமார் 65 வெள்ளி | தினசரி ஊஞ்சல் |
| சில்லர் | வைத்த எண்வரை | 1,000 வெள்ளியை ஒட்டி, மேலும் | சுமார் 22 வெள்ளி | பம்ப், அறைச் சூடு, சத்தம் |

## மீனையே மாற்றிக்கொள்வது

யாரும் இதை ஒரு வழியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை, எனக்கோ இதுதான் மிகவும் பிடித்தது. மீதமிருந்த ஐந்து நியான்களை ஏர்கோன் அறை உள்ள என் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கௌராமியும் கார்டினல் டெட்ராவும் வாங்கினேன். நியானைப் போலவே நீலமும் சிவப்புமாக மின்னும் கார்டினல், அதைவிடச் சூட்டைப் பொறுக்கும். இப்போது காற்றாடி மட்டும்தான். 28.3 டிகிரியில் நன்றாக இருக்கின்றன.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம் நாட்டு மீன் என்பதற்காக எல்லாமே சூடு தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஹார்லிக்வின் ராஸ்போரா தீபகற்பத்தின் ஓடைகளில் வாழ்வது உண்மை. அந்த ஓடைகள் மர நிழலில் ஓடுபவை. பிளாட் ஹாலைவிடக் குளிர்ச்சி.

## எந்த வீட்டுக்கு எது

பிரிக்பீல்ட்ஸ் மாணவியின் கப்பித் தொட்டி மாலையில் 30.5. அவளுக்குக் காற்றாடியும் ஏர் பம்பும் போதும் என்றேன். சில்லருக்குச் சேர்க்கவிருந்த காசில் பெரிய தொட்டி வாங்கச் சொன்னேன், தண்ணீர் கூடினால் சூடும் மெல்லத்தான் ஏறும்.

செராஸ் தம்பி வளர்ப்பது கிரிஸ்டல் ரெட் இறால். அவர் குறைக்க வேண்டியது ஏழு டிகிரி. காற்றாடியில் காசைப் போட்டுப் பிறகு சில்லரும் வாங்குவதைவிட நேரே சில்லருக்குப் போகச் சொன்னேன். அல்லது 28 வரை பொறுக்கும் செர்ரி இறாலுக்கு மாறி, காற்றாடியோடு நிறுத்திக்கொள்ளலாம். கோரல் (பவள உயிரி) வைத்திருப்பவர்களுக்கும் சில்லர்தான். அது கேட்பது 24 முதல் 27 வரை, அதற்கு மேல் நீடித்தால் வெளுத்துவிடும்.

பட்டர்வொர்த் அம்மாவின் கேள்விதான் கடினமானது. தங்கமீன் ஆறு வருடமாக அவருடன் இருக்கிறது, மீனை மாற்றுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சில்லர் அவருக்குக் கட்டுப்படியாகாது. தொட்டியைத் தரைத்தளத்தில் வடக்குச் சுவர் ஓரம் வைத்து, இரண்டு காற்றாடி, ஏர் பம்பின் காற்றைக் குமிழ்களாக விடும் இரண்டு ஏர் ஸ்டோன், இரை பாதி என்று தொடங்கியிருக்கிறார். தண்ணீர் மாற்றுவதை விடியற்காலையில் செய்யச் சொன்னேன், வெயிலேறியபின் மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டியிருக்கும். இப்போது அவர் தொட்டி மாலையில் 27.8. தங்கமீனுக்கு இது உகந்த எண் இல்லை, ஆனால் மேலே வந்து வாய் திறப்பது நின்றுவிட்டது.

மலேசிய வானிலைத் துறை ஓர் இடத்தில் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி பதிவானால் வெப்ப எச்சரிக்கையின் முதல் நிலையை அறிவிக்கும். அந்த அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வரும். பெர்லிஸின் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானதும் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதிதான். வாங்கப்போகும் கருவி டிசம்பர் மழையில் நன்றாக ஓடுகிறதா என்று பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். தெர்மோஸ்டாட்டையும் அரை லிட்டர் போத்தல்களையும் ஜனவரிக்குள் தயார் செய்துவையுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுக்கும்போது தண்ணீர்க் கோடு எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் காட்டிவிட்டுப் போங்கள்.